ஆண்டுக்கு ஓர் அங்குலம்

வழக்கக் கட்சி நகராட்சியைப் பிடித்த பதினோராம் நாள், காலை பத்தேகால் மணியிலிருந்து, ஊரிலுள்ள வாசல்கள் ஒவ்வொன்றாக ஓர் அங்குலம் இறங்கின. யாரும் உளி எடுக்கவில்லை, சிமெண்ட் குழைக்கவில்லை. நிலையின் மேல்கட்டை இறங்கியது, அதன் மேலிருந்த சுவர் கூடவே வந்தது, கதவு தன்னைச் சுருக்கிக்கொண்டது. பூட்டும் தாழ்ப்பாளும் இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் கீழே போயிருந்தன. மூலையில் கட்டியிருந்த சிலந்தி வலைகூட அறுபடவில்லை. கடைத்தெருவில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத் தெரு, ஆஸ்பத்திரித் தெரு என்று போய், சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஊர் முழுக்க முடிந்துவிட்டது. முந்தின நாள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். நம் முன்னோர் குனிந்துதான் நுழைந்தார்கள், அந்தப் பணிவு ஊருக்குத் திரும்ப வேண்டும், ஆகவே வாசல்களின் உயரம் ஆண்டுக்கு ஓர் அங்குலம் குறையும் என்பது அதன் சாரம். எப்படிக் குறையும், யார் குறைப்பார்கள் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் தீர்மானம் நிறைவேறியிருந்தது.

தலைவர் குடைக்கடை வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது; மழைக்காலத்தில் யார் குடை ஒடிந்தாலும் காசு வாங்காமல் கம்பி மாற்றிக் கொடுப்பார். உயரம் நாலடி ஒன்பது அங்குலம். ஆறடி நாலங்குல வாசல் ஆறடி மூன்றானது அவருக்குத் தெரியவே இல்லை, அடுத்த பன்னிரண்டு வருடங்களிலும் தெரியவில்லை. யாராவது போய்ச் சொன்னால் நிஜமான ஆச்சரியத்தோடு, "எனக்கு எங்கேயும் இடிக்கலையே?" என்று கேட்பார். அவரை விடுங்கள். இடிக்காத மற்றவர்களும் குனிந்ததுதான் விசேஷம். தலைக்கு மேல் ஒரு முழம் இடம் இருக்கும்போதே ஊர்க்காரர்கள் குனிந்து போகப் பழகிவிட்டார்கள். குனியாமல் போகிறவரைப் பார்த்து, திமிர் பிடித்த ஜென்மம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாம் வருடம் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் எவ்வளவு குனிந்து உள்ளே வருகிறாள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் வருடம் தையல்காரர்கள் சட்டையின் முதுகுப் பக்கத்தை இரண்டு விரல் நீளமாக வெட்டினார்கள், கூனுக்கு அது தேவைப்பட்டது.

நகராட்சியில் வாசல்களை அளக்கும் வேலை ஒரு பெண்ணிடம் இருந்தது. அவளை எல்லோரும் அளவுக்காரி என்றே கூப்பிட்டார்கள். கையில் இரும்பு டேப், கக்கத்தில் பதிவேடு. ஒவ்வொரு வருடமும் தீர்மானத்துக்கு மறுநாள் ஊரின் வாசல்களை எல்லாம் அளந்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சம் வாசல்கள். அத்தனைக்கும் கால் வலிக்க நடப்பவள் என்றாலும் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, போன வருட அளவில் ஓர் அங்குலம் கழித்துப் பதிவேட்டை முதலில் நிரப்பிவிடுவாள். பிறகு டேப்போடு போய்ச் சரிபார்ப்பாள். ஒரு வாசலில்கூடக் கணக்கு தப்பியதில்லை என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. பத்து மணிக்கு வருகைக் கையெழுத்து, பேனாவுக்கு மை, பத்தேகாலுக்குக் கடைத்தெருவின் முதல் வரி. ஊழியர்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று தலைவர் ஒருநாளும் நுழையாத ஊழியர் வாசலை மட்டும் வருடத்துக்கு இரண்டு அங்குலம் இறக்கினார்கள். அதன் வழியே தினம் எட்டு முறை போய் வந்து, ஐந்தடி ஏழு அங்குலம் இருந்த அளவுக்காரி பன்னிரண்டாம் வருடத்தில் ஐந்தடி இரண்டாக நின்றாள். நிமிர நினைத்தாலும் முதுகு கேட்கவில்லை.

அவளும் அவள் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள், வேறு யாரும் இல்லை. அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் பஸ் கவிழ்ந்து முதுகெலும்பு நொறுங்கியபோது, டாக்டர்கள் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு இரும்புக் கம்பியை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் குனிந்ததில்லை. உயரம் ஐந்தடி நாலு, ஒரு நூல்கூட ஏறாது இறங்காது. பஸ் நிலையத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று மைக்கில் சொல்லும் வேலை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் கடிகாரத்தைத் திருத்துவார்கள். வாசலை எதிர்த்து முதலில் மனு எழுதியவள் அவள். ஆறடி இரண்டங்குலத் தபால்காரரும், தலைச்சுமையாய்க் காய்கறி விற்கும் பெண்ணும் அவளோடு சேர்ந்தார்கள். கூடையோடு ஒரு வீட்டுக்குள்ளும் நுழைய முடியாமல் போனதில் அந்தப் பெண்ணின் வியாபாரம் படுத்துவிட்டிருந்தது. ஏழாம் வருடம் நாற்பது பேர் சேர்ந்து, ஆறடி நாலங்குலத்தில் மரச்சட்டம் ஒன்று செய்து, வெறும் வாசலைத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேண்டியவர்கள் அதற்குள் நுழைந்து பார்க்கலாம் என்றார்கள். நுழைந்தவர்களில் பெரும்பாலோர் குனிந்தே நுழைந்தார்கள். அதைப் பார்த்து அக்கா நடுத்தெருவில் அழுதுவிட்டாள்.

மனுவை நேரில்தான் கொடுக்க வேண்டும், ஊழியர் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது நகராட்சி விதி. தபால்காரர் இரண்டாக மடிந்து உள்ளே போனார். மனுதாரர் தலைவணங்கி நுழைந்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டு, வணங்கியதால் ஆட்சேபணை இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஐந்து வருடத்தில் நூற்றுப்பத்து மனுக்கள் இப்படித் தள்ளுபடியாயின. அக்காவின் விஷயத்தில் மட்டும் தலைவர் மனமிரங்கி, உடல்நிலையைக் கருதி அவளுக்கென்று தனிவாசல் ஒன்று வைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். மற்றவர்கள் குனிவது சரிதான் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா காகிதத்தைத் திருப்பி அனுப்பினாள். அப்படியானால் ஊழியர் வாசல் வழியாகவே போய் மனுவைக் கொடு என்று தங்கை கெஞ்சிப் பார்த்தாள்.

"முட்டி போட்டாவது போயிடலாம்ல அக்கா? ஒரு நிமிஷ வேலை."

"கம்பி முதுகுலதான் இருக்கு. முட்டி நல்லாத்தான் மடங்குது. நான் மடக்க மாட்டேன்."

பன்னிரண்டாம் வருடம் வாசல்கள் ஐந்தடி நாலுக்கு வந்து நின்றன. அக்கா வெளியே போகும்போது மேல்கட்டை அவள் வகிட்டை உரசியது. அடுத்த அங்குலம் இறங்கினால் அவள் வீட்டுக்குள் இருந்தால் உள்ளேயே, வெளியே இருந்தால் வெளியேயே. பஸ் நிலையத்தின் மைக் அறைக்கும் அதே கதிதான்.

அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம், அக்கா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு தங்கை பஸ் நிலையத்துக்குப் போனாள். சைக்கிளை நிறுத்த, நிலையத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குள் வழக்கம்போல் குனிந்து நுழைந்தவள், வெளியே வரும்போது தற்செயலாக மேலே பார்த்தாள். தலைக்கு மேல் ஆகாசம் மாதிரி இடம் கிடந்தது. டேப்பை எடுத்து அளந்தாள். ஆறடி நாலங்குலம். இன்னொரு முறை அளந்தாள். அந்தக் கொட்டகைக்கு உரிமம் வாங்காததால் அது பதிவேட்டிலேயே ஏறவில்லை, அவள் ஒருநாளும் அதற்கு அளவு எழுதியதில்லை. யாரோ ஒருவரின் சைக்கிள் கேரியரில் அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வாசல் இறங்கியதால் அவள் எழுதவில்லை. அவள் எழுதியதால்தான் இறங்கியது.

"நான்தான் அக்கா. நான் எழுதி எழுதித்தான் இறங்கியிருக்கு."

மைக் அறையில் அக்கா கேரியரைத் திறந்து மூடினாள். "எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு."

"சரி, இனிமே எழுதாத" என்றாள் அக்கா. திட்டியிருந்தால் தங்கைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பதின்மூன்றாம் தீர்மானம் நிறைவேறிய மாலையே, எழுத மாட்டேன் என்று தங்கை தலைமை எழுத்தரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "பரவால்லம்மா, நான் எழுதிக்கிறேன். நீ பதிவேட்டு அறையைப் பாத்துக்க" என்றார். இருபது வருடம் எழுதித் தேய்ந்த கை அவருடையது. அளவுக்காரி ஒரு நாள் முழுக்கச் செய்வதை அவர் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுவார். தங்கை வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா வாசலில் நிலைக்கு நேர்கீழே போய் நின்றாள். தபால்காரரும் காய்கறிக்காரியும் இன்னும் பதினைந்து பேரும் அவரவர் வாசலில் நின்றார்கள். உயரம் மிஞ்சியவர்கள் தலையைச் சாய்த்து, தோளைக் கொடுத்து நின்றார்கள். பத்தேமுக்காலுக்கு அவர்கள் தெருவின் முறை வந்தது. மேல்கட்டை ஒரு முனகலோடு இறங்கி, அக்காவின் தலையில் உட்கார்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து நிற்கும் ஆளின் மேல் அது இறங்காது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

முதல் வாரம் ஊர் வேடிக்கை பார்த்தது, அடுத்த வாரம் பழகிவிட்டது. வீட்டுக்குள் போகிறவர்கள் நிற்பவரை ஒட்டிப் பக்கவாட்டில் நுழைந்தார்கள். அக்கா நின்றபடியே சாப்பிட்டாள், நின்றபடியே தூங்கினாள். தங்கை வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, போர்வையைச் சுற்றிப் பிடித்து அவளைக் கழுவிவிட்டாள். இரண்டாம் மாதம் தபால்காரருக்கு ஜலதோஷம் வந்தது. தும்மல் வந்தபோது தன்னை அறியாமல் அரையடி முன்னால் வந்துவிட்டார். வாசல் விட்ட அங்குலத்தோடு நிற்கவில்லை, முழங்கால் உயரத்துக்கு விழுந்தது. உள்ளே அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இப்போது அவர் ஜன்னல் கம்பி வழியாகச் சாப்பாடு கொடுத்துவிட்டு, திண்டாடிப்போய் வெளியே கிடக்கிறார். அதற்குப் பிறகு நிற்பவர்களின் வீடுகளில் மிளகாய் வறுப்பதை நிறுத்தினார்கள். இரவில் கட்சிக்காரர்கள் யாரோ தெருவில் பொடி தூவிவிட்டுப் போவதாகப் பேச்சு இருந்தது, யாரும் புகார் கொடுக்கவில்லை. ஐந்தாம் மாத முடிவில் பதினெட்டு பேர் ஏழு பேர் ஆனார்கள். அக்காவின் கால்கள் தூண் மாதிரி வீங்கிவிட்டன. பஸ் நிலையத்தில் மைக் பேசாமல் கிடந்தது, ஜனங்கள் தப்பான வண்டியில் ஏறி எங்கெங்கோ போய் இறங்கினார்கள்.

தங்கை தினமும் முயன்று பார்த்தாள். அக்காவுக்குப் பக்கத்தில் நின்று முதுகை நிமிர்த்துவாள். வேர்த்துக் கொட்டும், எலும்பு நெரியும், ஆனாலும் மேல்கட்டைக்கும் அவள் தலைக்கும் நடுவில் இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கும். செங்கல் வைத்துப் பார்த்தாள், கல் பொடிந்தது. மணை போட்டாள், மணை பிளந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் பதிவேட்டு அறையிலிருந்து தன் பழைய பதிவேடுகளில் நாலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். தலைமை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எங்கம்மா எடுத்துட்டுப் போற?"

"சரிபார்க்க, சார்."

சரிபார்ப்பதில் அவளைப் போல ஆள் கிடையாது என்பது அவருக்குத் தெரியும், தலையாட்டினார். வீட்டு வாசலில் அவள் பதிவேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி நின்றாள். மூன்றில் தலைமுடி கட்டையைத் தொட்டது. நாலாவதைப் போட்டதும் கட்டை அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. நிறைகுடம் அளவு கனம். பதிவேடுகள் நசுங்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சேர்ந்தே நின்றார்கள்.

"தாங்குமா?" என்றாள் அக்கா.

"நீ போ. போய் பேசிட்டு வா."

அக்கா தலையை மெல்ல உருவிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கட்டை அசையவில்லை. ஐந்து மாதம் நடக்காத கால்கள், சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள், ஆனாலும் நேராக நடந்தாள். வாசல் வாசலாக ஜனங்கள் குனிந்து வெளியே வந்து பார்த்தார்கள். சிலருக்கு அவள் முகம்வரை நிமிர முடியாததால், அவள் செருப்பைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டார்கள். மைக் அறைக்குள் அவள் நுழைய முடியாது என்பதால் டிரைவர்கள் மைக் வயரை ஜன்னல் வழியாக இழுத்து வெளியே கொடுத்தார்கள். பதினொன்று பத்து வண்டி மூன்றாவது மேடையில் நிற்கிறது என்று குரல் ஊருக்கு மேல் எழுந்தது. பன்னிரண்டு வருடக் கையெழுத்துகளில் நாலு வருடத்தைக் காலில் மிதித்துக்கொண்டு, வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து அடிக்க, தங்கை தலையை அசைக்காமல் அழுதாள்.

அன்று முதல் அந்த வீட்டில் இருவரும் முறை வைத்து நிற்கிறார்கள். விஷயம் பரவி, மற்ற ஆறு வீடுகளுக்கும் பதிவேடுகள் போயின. பதிவேட்டு அறையில் அலமாரி காலி என்று ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது, விசாரிக்க வேண்டிய பொறுப்பு அளவுக்காரியிடமே வந்திருக்கிறது. தலைவர் இன்றும் தனக்கு எங்கேயும் இடிக்கவில்லை என்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் ஜன்னல்களைக் குறைக்கும் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், அதற்கான புதுப் பதிவேடுகள் தைத்து வந்துவிட்டன. தபால்காரர் அதைக் கேட்டதிலிருந்து ஜன்னலை விட்டு நகர்வதில்லை. தங்கை நிற்கும் நாள்களில் மேல்கட்டை ஓர் அங்குலமும் கீழே வருவதில்லை. போன வாரம் அவள் கீழிருந்து ஒரு பதிவேட்டை உருவிவிட்டாள். இப்போது அவளுக்கு மூன்று போதும்.