ராபட்டாவின் மிச்ச வேலை

அப்பாவின் சவப்பெட்டியை மூடப் போன டைமானாவின் கையை ஹேனி பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா. டாக்டர் வந்துடுவாங்க."

"வந்தவங்க எல்லாம் அழுது முடிச்சாச்சு. உன் டாக்டரைக் காணோம். என் அண்ணன் முழு மனுஷனா பொறந்தான், முழுசாத்தான் மண்ணுக்குள்ள போகணும். நீ குடலை வெட்டிக் கொடுத்துட்டு நிக்கிற!"

இரண்டு நாளாக இதே ஏச்சுதான். அப்பாவுக்கு ஆபரேஷனில் அழுகிய குடலை எடுத்தபோது, அதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்தவள் ஹேனி. அடக்கத்துக்கு முன் திருப்பித் தருவதாகப் பேச்சு. வராவிட்டால் அப்பாவைக் குறையோடு அனுப்பிய பழி அவளுக்குத்தான்.

டாக்டர் கிர்ஸ்டன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் சின்ன மரப்பெட்டி. ஹேனியிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"எங்கிட்ட இல்ல டாக்டர். அப்பாகிட்டயே சொல்லுங்க. அடக்கம் வரைக்கும் செத்தவங்ககிட்ட நேராவே பேசுறது எங்க வழக்கம்."

டாக்டர் தயங்கிவிட்டு, சவப்பெட்டியில் கிடந்த ராபட்டாவின் முகத்தைப் பார்த்தார்.

"ராபட்டா, உங்க கால் புண்ணுல இருந்து கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. அதை அடிக்க உங்க வெள்ளணுக்கள் படையா கிளம்புச்சு. அடிச்ச வேகத்துல உங்க குடல் சுவரையே ஓட்டை போட்டுடுச்சு. குடலுக்குள்ள அடங்கிக் கிடந்த கிருமியும் வெளிய வந்துடுச்சு."

"அவன் ஆளுங்களேவா?" என்றார் டைமானா.

"காப்பாத்தத்தான் வந்தாங்க. எப்ப நிறுத்தணும்னு தெரியல."

"அப்படியே நம்ம டைமானா!" என்றாள் மூலையிலிருந்த அத்தை. கூடம் முழுக்கச் சிரித்தது. ஹேனிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

டைமானா மட்டும் சிரிக்கவில்லை. "அதுங்களை நிறுத்த வழி இருக்கா?"

"தேடுறோம். இந்தத் துண்டுல பாதிதான் பார்த்திருக்கோம். வாக்கு கொடுத்தேனே, கொண்டு வந்துட்டேன்."

டைமானா பெட்டியை வாங்கி அண்ணனின் நெஞ்சருகே வைத்தார். வெகுநேரம் குனிந்தே நின்றார். பிறகு அதை எடுத்து ஹேனியிடம் நீட்டினார்.

"எந்த வேலையையும் இவன் பாதியில விட்டதில்ல. நீயே டாக்டர்கிட்ட திருப்பிக் கொடு. அடுத்த வருஷம் கல்லறையில கல் நாட்டுற நாளுக்குள்ள திரும்பி வந்தா போதும். குழியில இடம் விட்டு வைக்கிறேன்."

அடக்கம் முடிந்து டாக்டர் கிளம்பினார். கார் முன்சீட்டில் பெட்டியை வைத்தார். டைமானா ஜன்னல் வழியே கையை விட்டு, அதற்கு பெல்ட் மாட்டினார்.

"மெதுவா ஓட்டுங்க," என்றார்.