கூரை வழியாக வந்த பூனை

அக்டோபர் மழையில், கெண்ட் நகரத்து டிராம் தண்டவாளத்தில் ஒரு பெண்ணின் சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த டிராமை ஓட்டியவர் வான்னெஸ். மணி அடித்தார், பிரேக்கை அழுத்தினார். ஈரத்தில் டிராம் நிற்கவில்லை. பெண் பிழைக்கவில்லை.

அவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் முடிவானது. எல்லோரும் அதையே சொன்னார்கள். அவரும் தலையாட்டினார். மருத்துவர் விடுப்பு எழுதிக்கொடுத்து வீட்டில் இருக்கச் சொன்னார். இருந்தார்.

வீடு என்பது அஹீல் கிழவரின் மாடி. அஹீல் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, பிராணிகள் கூடாது. முன்பு இருந்தவரின் நாய் படிக்கட்டுக் கம்பளத்தை நாசமாக்கிவிட்டதாம்.

வான்னெஸ் தனி ஆள். பெரும்பாலும் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்குக் கீழே அஹீலின் சமையலறைத் தட்டைக் கூரை. ஒரு காலை, தூறலில் நனைந்தபடி சாம்பல் நிறப் பூனை ஒன்று அங்கே உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார். பிறகு ஜன்னலைத் திறந்து விளிம்பில் ஒரு துண்டு ஹாம், உப்பிட்ட பன்றி இறைச்சி, வைத்தார்.

மறுநாளும் வந்தது. அதன் பிறகு தினமும். அதைப் பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது. வரும் நேரத்துக்கு ஜன்னலைத் திறந்தார், அவ்வளவுதான். மழை உள்ளே அடிக்கும். துடைப்பார்.

விபத்துக்குப் பிறகு, மாதம் ஒருமுறை மனநல ஆலோசகர் அம்மாள் போன் செய்வார்.

“ஒழுங்கா சாப்பிடுறீங்களா?”

“ஒரு பூனை சாப்பிடுது.”

படிக்கட்டில் அஹீல் மடக்கினார். “ஏம்ப்பா, என் கூரை மேல யாரோ நடக்குற சத்தம் கேக்குது. புதுசா குடித்தனம் வந்திருக்கா?”

“உள்ள வரல.”

“வாலு?”

“வாலும் வெளியதான்.”

“பாத்துக்க. வாலு உள்ள வந்தாலும் வாடகை உண்டு.”

ஜனவரியில் கதவு தட்டப்பட்டது. மூன்று வீடு தள்ளி இருக்கும் லீசலொட், ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவள்.

“கூரை வழியா வர்ற சாம்பல் பூனைக்கு நீங்கதான் தீனி போடுறீங்களா?”

“அவனுக்கு ஹாம்னா பிடிக்குது.”

“அவன் இல்லங்க, அவ. பேரு ஃபின்னி. அவளுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு, உப்பே ஆகாது. நான் மருந்துத் தீனி வெச்சா மோந்துகூடப் பாக்க மாட்டேங்குறா. இங்க விருந்து நடக்குதுன்னு இப்பத்தானே தெரியுது.”

“எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாதுன்னு தெரியும். திட்ட வரல.” அவள் ஒரு கணம் நிறுத்தினாள். “சரி, கொஞ்சம் திட்டத்தான் வந்தேன்.”

அவள் போன பிறகு, குற்ற உணர்வு வரும் என்று வான்னெஸ் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. ஹாமை எடுத்துக் குப்பையில் போட்டார். மறுநாள் பூனை வெறும் விளிம்பைப் பார்த்து வாய்விட்டுத் திட்டிவிட்டுப் போனது. அன்று மாலை அவரே லீசலொட் வீட்டுக்குப் போய் அந்த மருந்துத் தீனியைக் கேட்டு வாங்கி வந்தார். அவர் கையால் வைத்தபோது பூனை தின்றது.

“என் கைன்னா விஷம், உங்க கைன்னா விருந்தா?” என்றாள் லீசலொட். “நல்லா இருக்கு நியாயம்.”

பிப்ரவரியில் ஒருநாள் பூனை கூரையில் படுத்தே கிடந்தது. கூப்பிட்டும் தலை தூக்கவில்லை. வான்னெஸ் ஜன்னல் வழியாக இறங்கி அதைத் தூக்கினார். ஈரத் துணிபோலத் தொங்கியது. ஜன்னல் வழியாகவே உள்ளே கொண்டுவந்து லீசலொட்டுக்குப் போன் செய்தார்.

“டாக்டர்கிட்ட கொண்டு போங்க, நான் நேரா அங்க வந்துடறேன். டிராம்ல ஏறினா—” பேச்சு நின்றது. “டாக்ஸி கூப்பிடட்டுமா?”

“அது வர நேரமாகும்,” என்றார்.

கீழே அஹீல் நின்றிருந்தார். படிக்கட்டுக் கம்பளத்தில் வான்னெஸின் சேற்றுக் கால்தடம். பூனையைப் பார்த்தார். உள்ளே போய்த் துணிக்கூடையையும் தன் கம்பளிச் சட்டையையும் எடுத்துவந்தார். “இதுல போட்டு மூடு. நிக்காத, போ.”

டிராமை ஓட்டிக்கொண்டிருந்தவள் நூர்ஜான், வான்னெஸோடு வேலை பார்த்தவள். கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

“உக்காருண்ணா,” என்றாள்.

அந்த இடம் வந்தது. அங்கே டிராம் மெதுவானது. முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே போக, நூர்ஜான் மணி அடித்தாள். கூடைக்குள்ளிருந்த பூனை மிரண்டு அவர் கையைப் பிறாண்டியது. வான்னெஸ் கையை எடுக்கவில்லை. சைக்கிள் கடந்து போனது. டிராமும் போனது.

மருத்துவமனையில் பூனைக்கு ஊசி போட்டார்கள். லீசலொட் கையெல்லாம் மாவோடு ஓடி வந்தாள்.

“பொழச்சுக்குவாளாம்,” என்றாள். பிறகு, “ஐயோ, உங்க கை!”

முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது.

“வலிக்கலையா?”

“இப்பத்தான் பாக்குறேன்.”

இரவு கழுவியபோது எரிந்தது. குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

வான்னெஸ் அதற்குப் பிறகு டிராம் ஓட்டவில்லை. கோடையில் பணிமனையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். கதவு, பிரேக், மணி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. போகும் முன் பூனைக்குத் தீனி வைப்பார். அஹீல் எதையும் பார்க்காதவர்போல இருந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் ஃபின்னி தூக்கத்திலேயே செத்துப்போனது. லீசலொட் அழுதாள். அவள் தோட்டத்தில் வான்னெஸ்தான் குழி வெட்டினார். மண் உறைந்து கல்லாகக் கிடந்தது. அவர் கண்ணில் நீர் வரவில்லை. மண்ணைத் தள்ளி மூடி, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். உடனே கிளம்பவும் இல்லை.

லீசலொட் காபி கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்து முடித்தார்.

“இன்னொரு கப் கிடைக்குமா?” என்று கேட்டார்.