கீரி இல்லாத முந்திரிக்காடு

டாக்டர் வைத்திலிங்கம் எங்கள் ஊருக்கு வந்தது 2004இல். காடாம்புலியூரில் பஸ் இறங்கி முந்திரிக்காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தால்தான் ஊர். சிதம்பரத்தில் படித்தவர் இந்தக் காட்டில் ஏன் ஆஸ்பத்திரி வைக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஊசி போட ஓர் ஆள் வந்ததே பெரிசு. ஃபீஸ் கேட்க மாட்டார். கீரி கேட்பார். அதன் முடியில் படம் வரைகிற பிரஷ் செய்கிறார்களாம். மூட்டை கட்டி வடக்கே அனுப்புவார்.

நான் தோப்பில் கிளை கழிக்கிற கூலிக்காரன். கம்பியில் சுருக்கு வைக்கவும் தெரியும். ஊரிலேயே அதிகம் கீரி பிடித்தது நான்தான்.

"மாமா, உங்க ஊட்டுப் பக்கம் வந்தா காலத் தூக்கித் தூக்கி வெக்கிறேன். எந்த சுருக்குல மாட்டுவேனோ," என்பான் மச்சான் சாமிக்கண்ணு.

"உன் தலையில முடி ஏது? உன்ன யாரு வாங்குவா," என்பேன்.

2008க்குப் பிறகு கீரி விழாமல் சுருக்கு சும்மாவே கிடந்தது. அந்த வருசத்திலிருந்துதான் சருகு சத்தம் போட ஆரம்பித்தது. காற்றே இல்லாத மத்தியானத்தில் மரத்தடிச் சருகு தானாக நகரும். கண்ணாடி விரியன். கொட்டை பொறுக்கப் போன பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி கடிபட்டார்கள். டாக்டர் ஒருத்தியைக்கூடச் சாக விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

2010 சித்திரையில் என் பெண்சாதி இருசம்மாளைக் கடித்தது. டாக்டர் அவள் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து நிறுத்தி வைத்தார்.

"இருவது நிமிசம். ஒறைஞ்சிருந்தா பயம் இல்ல. சாய்க்கறப்ப ஓடுச்சுன்னா வெசம் ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

ஓடியது. ஃபிரிட்ஜைத் திறந்து மருந்தெடுத்து ஏற்றினார். பிழைத்தாள். அவர் காலில் விழுந்தேன். எழுந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"டாக்டரே, கீரி போனதாலதான் பாம்பு ஜாஸ்தி ஆயிடுச்சோ?"

கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அது எனக்கு முன்னமே தெரியும் சின்னையா. ஆனா புடிச்சது யாரு? ஃபாரஸ்ட்காரன் வந்தா ஒன் கையத்தான் மோந்து பாப்பான். என்னையும் கூட்டிப்போனா, நாளைக்கு ஒன் பொண்டாட்டிக்கு யாரு ஊசி போடுவா?"

அதற்கப்புறம் நான் யாரிடமும் கீரிப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வருசம் டாக்டர் மாவட்டக் கவுன்சிலர் தேர்தலில் நின்றார். அறிவொளியில் எழுத்து கற்றவன் என்று என் கையில் பெயிண்டைக் கொடுத்து ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதச் சொன்னார். 'உயிர் காத்த கைக்கே உங்கள் ஓட்டு.' ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழம். எழுதி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"ஜெயிச்சிட்டா இங்க இருப்பீங்களா?"

"நான் கடலூர்ல இருப்பேன். ஃபிரிட்ஜும் மருந்தும் இங்கதான் இருக்கும். நர்ஸ் ஒண்ணு வரும். பயப்படாத."

ஜெயித்தார். ஆஸ்பத்திரி பூட்டினது பூட்டினபடி கிடந்தது. நர்ஸ் வரவில்லை. இருசம்மாள் வேலைக்கு இறங்கும்போதெல்லாம் நான் முன்னால் சருகைத் தடியால் தட்டிக்கொண்டே போவேன்.

"சாமி ஊர்வலம் மாதிரி இருக்கு. மேளம் ஒண்ணுதான் கொறச்சல்," என்பாள்.

மார்கழியில் 'தானே' புயல் அடித்தது. ஒரே ராத்திரியில் காடு முழுக்கப் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் விழுந்த மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தோம். நான் அருவாளைத் தீட்ட உட்கார்ந்த நேரம் இருசம்மாள், "சுருக்குன்னுச்சு," என்றாள். காலில் ரெண்டு புள்ளி.

போன் செத்துக் கிடந்தது. பாதை முழுக்க மரம். கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிவந்தோம். அதற்கு மேல் ஓர் அடி வைக்க வழியில்லை. சாமிக்கண்ணு ஆட்களோடு கோடாலியை எடுத்துக்கொண்டு வழி வெட்ட முன்னால் போனான். கடிவாயில் ரத்தம் நிற்கவே இல்லை. ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துச் சுவரோரம் நிறுத்தினேன்.

இருபது நிமிசம் சும்மா உட்கார முடியவில்லை. பூட்டை அருவாளால் அடித்து உடைத்தேன். உள்ளே ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. மூலையில் ஒரு மூட்டை முடி.

வெளியே வந்தேன். என் எழுத்துக்குக் கீழே சாய்ந்திருந்தாள். பல் ஈறில் ரத்தம் கசிந்தது.

"மருந்து இருக்கா?"

"எடுத்தாறாங்க," என்றேன்.

கோடாலிச் சத்தம் இன்னும் கிட்டத்திலேயே கேட்டது. பாட்டிலை எடுத்துச் சாய்த்தேன். ஓடியது.