மூத்தவளுக்கு எடுத்த பேக்கப்

அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் மூத்த மகளின் படங்களை அழிக்கத் தொடங்கிய வாரத்தில், மூன்று தெரு தள்ளிப் புருஷனோடு குடியிருந்த அவளுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே தெரியாமல் போனது. வலி இல்லை. கை இருந்தது, வேலையும் செய்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அவள் மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்பவள். மாத்திரை அட்டை அந்தரத்தில் மிதந்து வந்ததை வாடிக்கையாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலாவதித் தேதியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். டாக்டர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதினார். அவளே தன் கடையில் எடுத்துக் குடித்தாள். அடுத்த வாரம் ஒரு காதும் பின்னலில் பாதியும் போயின.

அப்பா டைல்ஸ் கிடங்கில் மேற்பார்வையாளர். கீறல் விழுந்த கல் ஒன்று உள்ளே இருந்தால் அடுக்கே கெட்டது என்று பழகிய கண். மூத்தவள் தனக்குப் பிடித்த ஏசி மெக்கானிக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று அவர் கத்தவில்லை. ஆல்பங்களை மொட்டைமாடியில் கொளுத்தினார்; அதில் அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல். பிறகு தினமும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அரிசியில் கல் பொறுக்குவதைப் போலப் படம் படமாக அழித்தார். "இந்த வீட்டுக்கு ஒரே பொண்ணுதான்" என்றார். அந்த ஒரே பெண் இளையவள், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பட்டமளிப்புப் படத்தில் அவள் தோளைப் பிடித்தபடி நின்ற அக்காவை அப்பா கத்தரித்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். தோளில் ஒரு வலது கை மட்டும் மிச்சம். அக்காவுக்கு எது போனாலும் வலது கை போகவில்லை என்பதைக் கவனித்தபோது இளையவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மிச்சமிருந்த படங்களை முதலில் பென்டிரைவில் போட்டாள். அம்மா அதைச் சட்டைப்பையோடு துவைத்துவிட, அக்கா அன்று முழுக்க நுரை நுரையாகத் தும்மினாள். பென்டிரைவ் லாயக்கில்லை என்று இளையவள் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

"வீட்டுக்குத்தானேம்மா? கிளவுட்ல போட்டுட்டுப் போங்க. பொட்டி, வயர்னு எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"ஓடிபி எங்கப்பா போனுக்குப் போகும்ண்ணே."

கடைக்காரர் அலமாரியைத் திறந்தார். "அப்ப பொட்டிதான்."

அந்த வீட்டில் கேஸ், பேங்க், இன்டர்நெட், இளையவளின் கல்லூரி விண்ணப்பம்வரை எல்லாம் அப்பாவின் நம்பரில்தான். அதனால் அவள், படங்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒரே டிஸ்க் போடும் பெட்டி வேண்டாம், அது செத்தால் அக்காவும் செத்தாள். ரெண்டு டிஸ்க் பெட்டி என்றால் ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். "எமனே வந்தாலும் ஒண்ணும் புடுங்க முடியாது" என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்தார். அவர் சொன்னது தப்பு. ஆனால் இளையவள் பெட்டியை ரௌட்டரோடு இணைத்து முதன்முறை திறந்தபோது, நிர்வாகி யார் என்று அது கேட்டது. அந்த வீட்டுப் பெண்களிடம் எந்தப் பொருளும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. தன் பெயரை அடித்தாள். அன்று மாலையே அக்காவின் காது திரும்பிவிட்டது, கம்மலோடு.

தவறு இளையவளுடையது. படங்களை மாற்றுவதற்காகப் பெட்டியை ஹால் கம்ப்யூட்டரில் திறந்தவள், மூடாமல் வேலைக்குப் போய்விட்டாள். அப்பா அதில் புதிதாக ஒரு டிரைவைக் கண்டார். அதற்குள் 'அக்கா' என்று ஒரு ஃபோல்டர். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டு. அப்பா சொன்னதற்கு அம்மா தலையாட்டுவதைப் போல, முதல் டிஸ்க் செய்ததை இரண்டாவது டிஸ்க் கேள்வி கேட்காமல் செய்தது.

அக்கா புருஷன், மெக்கானிக் மாமா, போன் பண்ணினார். "பாப்பா, உங்கக்காவோட வலது கையும் குரலும்தான் இருக்கு. மத்தபடி நல்லாத்தான் இருக்கா."

குரல் தப்பியதற்குக் காரணம் இளையவளின் போனில் கிடந்த வாய்ஸ் மெசேஜ்கள். அந்தக் குரல் பின்னாலிருந்து பாய்ந்தது. "ஸ்பீக்கர்ல போடுய்யா! ஏன்டி, அவ்ளோ படிச்சியே, ரெண்டு டிஸ்க்கையும் ஒரே வீட்ல, அதுவும் அவரு வீட்லயா வைப்ப? லூசு!"

ஒரு கையும் குரலும். ஒரு பெண் சண்டை போட அது தாராளம். அவள் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

இளையவள் வீடு வீடாக ஏறினாள். டெய்லர் அக்கா, ஸ்கூல் டீச்சர், வேன் டிரைவர் என்று எல்லாருடைய போனையும் வாங்கித் துழாவினாள். மாமா உட்பட யாரும் மூத்தவளை எடுத்ததில்லை. ஆனால் தங்களை எடுத்துக்கொண்டபோது பின்னால் அவளும் விழுந்திருந்தாள். யாரும் கவனித்துப் பார்க்காததால் அதுவரை அவை அவளைத் தாங்கவில்லை. யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளில் பாதி முகம், படிக்கட்டில் முதுகு, கேக் மென்றுகொண்டிருந்த வாய். அக்கா ஓரங்களிலிருந்து வளர்ந்தாள். ஒரு மாதம் போல மென்றுகொண்டிருக்கும் முகத்தோடே மருந்து விற்றாள்.

அப்போதுதான் அம்மா பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றாள். "இதுல எனக்கும் ஒரு பேரு போட்டுக் குடுடி."

"உனக்கு எதுக்கும்மா?"

"அந்தாளு கை படாத எடம் எனக்கு ஒண்ணு வேணும்."

முகப்பு உடைந்த தன் போனை நீட்டினாள். வாரம் தவறாமல் தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் போய், வரிசையில் நின்றவர்களின் தோளுக்கு மேலாக மகளைப் படம் எடுத்து வைத்திருந்தாள். வீட்டில் யாருக்கும் தலைவலி கிடையாது. எடுத்ததோடு சரி, அப்பாவுக்குப் பயந்து ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அந்தப் படங்கள் ஏறி முடிந்ததும் மூத்தவள் முழுசானாள், முன்பைவிடக் கொஞ்சம் சதை போட்டே.

அப்பாவுக்கு இளையவள் பார்வை மட்டும் கொடுத்தாள். திறக்கலாம், அழிக்க முடியாது.

"என் வீட்ல எனக்கே பூட்டாடி?"

"பாருங்கப்பா, நல்லாப் பாருங்க. தொட மட்டும் முடியாது."

அவர் வயரைப் பிடுங்கிப் பெட்டியை மாடிப்படியில் உருட்டிவிட்டார். கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்கு முன்பே டெய்லர் வீட்டில் ஒரு காப்பி, டீச்சர் வீட்டில் ஒன்று, மெக்கானிக் கடையில் ஒன்று, அம்மாவின் தங்கை வீட்டில் ஒன்று என்று போய்ச் சேர்ந்திருந்தது. காப்பி இருந்த ஒவ்வொரு வீட்டிலும் மறுநாள் காலை ஒரு மூத்தவள் எழுந்து பல் தேய்த்தாள். ஒருத்தி மருந்துக்கடைக்குப் போனாள், ஒருத்தி டெய்லரிடம் தையல் பழகினாள், ஒருத்தி மாமாவோடு ஏணி பிடிக்கப் போனாள். மாமா தனக்கு எவள் அசல் பெண்டாட்டி என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கோபம், ஒரே கையெழுத்து. அப்பா ரோட்டின் இந்தப் பக்கம் நடந்தால் ஒருத்தி எதிரே வந்தாள், அந்தப் பக்கம் மாறினால் இன்னொருத்தி. அவர் மன்னிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சில வருடங்களில் அவர் நடுரோட்டில் நடக்கப் பழகிக்கொண்டார், வண்டிக்காரர்களும் ஒதுங்கப் பழகிக்கொண்டார்கள்.

இளையவள் மேற்படிப்புக்கு வெளியூர் போனபோது பையில் ஒரு டிஸ்க் இருந்தது. அந்த ஊரிலும் இப்போது ஒரு மூத்தவள் இருப்பதாகச் சொல்கிறார்கள். தெருவில் மிச்சமிருக்கும் தகராறு ஒன்றே ஒன்று. தண்ணீர் லாரி வரும்போது எத்தனை பேராக வந்தாலும் ஆள் ஒன்றுதானே, குடமும் ஒன்றுதான் என்கிறது வரிசை. "நான் தூக்குற குடத்தை நீ வந்து தூக்குறியா?" என்று நாலு பக்கமிருந்தும் மூத்தவள் கேட்கிறாள். இன்னும் தீரவில்லை. லாரிக்காரர் மட்டும் அவர் பாட்டுக்கு எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டுப் போகிறார்.