ஏரிக்கு முன் ஓர் ஒத்திகை

அமுதவள்ளி அறுபது வயதில் பள்ளி வேன் ஓட்டுவதை நிறுத்தினாள். வேனை மட்டும் விற்கவில்லை. கிள்ளானில் அவர்கள் வீடு இருந்த தாமான் குடியிருப்பிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வேனில்தான் போனார்கள். இப்போது அது வீட்டு போர்ச்சில் நின்று பூனைகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. மகன் குகன், போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரிகளை எங்கே, எப்போது அனுப்புவது என்று பார்க்கும் வேலையில் இருந்தான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்ற வேன் வேண்டுமாம், கொடுத்துவிடலாம் என்று வாரம் தவறாமல் சொல்வான். அவளும் வாரம் தவறாமல் "பார்ப்போம்லா" என்பாள்.

அந்தப் பார்ப்போமுக்கு முடிவு கட்டியவள் பக்கத்து வீட்டு நூர்ஜஹான். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுப்பவள், வாய்க்கும் கைக்கும் ஓய்வில்லாதவள். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைத்தொலைபேசியை நீட்டினாள்.

"இதப் பாரு. ரெண்டு பொம்பளைங்க, நம்ம வயசுதான். வேன்லயே மெத்தை போட்டு ஏரிக்கரையில படுத்திருக்காங்க. காலையில கதவத் திறந்தா தண்ணி."

"நம்ம வீட்லயும் பைப்பத் திறந்தா தண்ணிதான்."

"விளையாடாத அமுதா. உன்கிட்ட வேன் இருக்கு, என்கிட்ட அடுப்பு இருக்கு. வேற என்ன வேணும்?"

அமுதவள்ளி வேனைத் திரும்பிப் பார்த்தாள். வீடு, பள்ளி, மறுபடியும் வீடு. இத்தனை வருஷத்தில் அது கிள்ளான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதே அபூர்வம். அவளும் அப்படித்தான். பத்துமலைக்குத் தைப்பூசத்துக்குப் போவது தவிர, தன் கையால் ஓட்டி எந்த ஊருக்கும் போனதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மெத்தை எந்த அளவுல வாங்கணும்?" என்று கேட்டாள்.

பின் இருக்கைகளைக் கழற்றி எடுத்தார்கள். பலகை அடித்து மேலே மெத்தை விரித்தார்கள். ஜன்னல்களுக்கு, நூர்ஜஹான் தன் மகள் கல்யாண மேடையில் தொங்கிய ஜரிகைத் திரையை வெட்டித் தைத்துக் கொண்டுவந்தாள். கோல குபு பாருவைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஓர் ஏரி. அதன் கரையில் முகாம் போடும் இடத்துக்குப் போன் செய்து, கழிப்பறை உண்டா, அட்டை உண்டா, குரங்கு உண்டா என்று விசாரித்தார்கள். மூன்றும் உண்டு என்றான் எடுத்தவன். முதல் பதில் போதும் என்று இடம் பிடித்துவிட்டார்கள்.

நூர்ஜஹானின் கணவர் ஷாஹுல் ஹமீது செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "போயிட்டு வாங்க, மெதுவா வாங்க" என்றார். அந்த 'மெதுவா'வில் இருந்த சந்தோஷத்தை நூர்ஜஹான் கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குகன்தான் குறுக்கே நின்றான்.

"நடுவழியில பிரேக்டவுன் ஆனா என்ன செய்வீங்க? மழை வந்தா? டயர் பஞ்சரானா? அனுபவம் உள்ள லோரி டிரைவருங்களே எனக்குப் போன் போட்டு அழுவுறாங்கம்மா."

"நாங்க உனக்குப் போன் போட மாட்டோம்."

"அதான் எனக்குப் பயம்."

கடைசியில் அவன் ஒரு நிபந்தனை வைத்தான். முதலில் ஒத்திகை. சனிக்கிழமை காலையிலிருந்து இரவு வரை போர்ச்சிலேயே, வேனிலேயே இருக்கவேண்டும். சமையல், சாப்பாடு எல்லாம் வெளியே. வீட்டுக்குள் வரக்கூடாது, வீட்டிலிருந்து ஒன்றும் கேட்கக்கூடாது. தாங்கினால் ஏரி, இல்லாவிட்டால் வேன் தெலுக் பங்லிமா காராங்குக்கு.

"பாத்ரூம்?" என்று கேட்டாள் அவன் மனைவி மதுமிதா.

"அதுக்கு மட்டும் வரலாம்" என்றான் பெருந்தன்மையாக.

சனிக்கிழமை வந்தது. வேன் பக்கவாட்டிலிருந்து வாசல் கேட்டின் கம்பி வரை ஒரு கித்தான் துணியைக் கட்டி, அதன் கீழ் நாற்காலி, அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டார்கள். குகன் உள்ளே இருந்து கம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, மாலில் காவலுக்கு நிற்கும் ஜாகா மாதிரி நின்றான். பாதி தாமானும் காய்கறி வாங்க அந்த வழியாகவே பாசாருக்குப் போனது. எதிர்வீட்டு இராஜம்மா நின்று, "மகன் வெளிய தள்ளிட்டானா அமுதா?" என்று விசாரித்தாள்.

"இல்லக்கா, சுத்துலா வந்திருக்கோம்."

இராஜம்மா வேனையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்ல இடம்" என்று சொல்லிப் போனாள்.

மதியம் நூர்ஜஹான் பஜ்ஜி மாவு கரைத்துவிட்டுப் பார்த்தால், அடுப்பில் பொறி வரவில்லை. லைட்டரும் கொண்டுவரவில்லை. நூர்ஜஹான் மெல்ல எழுந்து சமையலறை ஜன்னலோரம் போய் நின்று, பூனையைக் கூப்பிடுவதுபோல் சன்னமான குரலில் மதுமிதாவைக் கூப்பிட்டாள். ஜன்னல் கம்பி வழியே ஒரு லைட்டர் வெளியே வந்தது. கூடவே கம்பிக்குப் பின்னால் குகனின் தலையும் தெரிந்தது.

"ஆன்டி, இது சீட்டிங்."

"ஏரிக்கரையில மனுஷங்களே இருக்க மாட்டாங்களா தம்பி? பக்கத்துக் கூடாரத்துல கேட்டு வாங்குறதுதான்."

"நான் பக்கத்துக் கூடாரம்" என்றாள் மதுமிதா உள்ளேயிருந்து.

முதல் பஜ்ஜி எண்ணெயில் விழுந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்து கிள்ளான் மழை, சொல்லாமல் வந்து மொத்தமாகக் கொட்டும். அமுதவள்ளி அடுப்பை அணைத்துப் போர்ச்சுக்குள் இழுத்தாள். கித்தான் துணியில் தண்ணீர் தேங்கித் தேங்கி, நிறைமாதக் கர்ப்பிணி வயிறுபோல் இறங்கியது. ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த குகனுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து ஓடிவந்து துணியை அடியிலிருந்து தூக்கினான். தேங்கிய தண்ணீர் முழுவதும் அவன் தலையில் இறங்கியது.

"இப்ப யாரு விதிய மீறுனது?" என்று கேட்டாள் நூர்ஜஹான்.

நடுங்கிக்கொண்டு நின்றவனை இருவரும் வேனுக்குள் இழுத்துப் போட்டார்கள். துண்டு கொடுத்தார்கள், நூர்ஜஹான் கணவருக்காகத் தைத்துப் பையில் வைத்திருந்த சாரத்தைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள். போர்ச்சின் மூலையில் அடுப்பு மறுபடி எரிந்தது. சூடாகப் பஜ்ஜியும் இஞ்சித் தேநீரும் வந்தன. கூரைத் தகரத்தில் மழை தாளம் போட்டது. ஜரிகைத் திரைக்குப் பின்னால் தெரு மங்கலாகத் தெரிந்தது. குகன் ஏழாவது பஜ்ஜியை முடித்துவிட்டு மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

"இது முதுகுக்கு ஒத்துக்குமான்னு பார்க்கணும்" என்று சொல்லிப் படுத்தான். படுத்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

வாயைத் திறந்துகொண்டு தூங்கும் மகனை அமுதவள்ளி பார்த்தாள். சனி, ஞாயிறு என்றில்லாமல் போனும் கையுமாக இருப்பவன். எப்போது கடைசியாகப் பகலில் தூங்கினான் என்று அவளுக்கு நினைவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. எழுந்துவிடப் போகிறானே என்று அவளே எடுத்தாள்.

"பாஸ், லோரி போர்ட் கேட்டுக்கிட்ட நிக்குது" என்றது ஒரு குரல்.

"நான் அவரு அம்மா பேசுறேன் தம்பி. குகன் கேம்பிங் போயிருக்காரு."

"கேம்பிங்கா? எங்கக்கா?"

அமுதவள்ளி வெளியே பார்த்தாள். "தண்ணி நிறைய இருக்கிற இடம். லைன் சரியில்ல. வேற யாருக்காச்சும் போன் போடுங்க."

நூர்ஜஹான் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

மழை விட்டு வெயில் சாயும் நேரத்தில் குகன் எழுந்து உட்கார்ந்தான். கன்னத்தில் மெத்தையின் தையல் கோடு பதிந்திருந்தது. திரையைத் தொட்டுப் பார்த்தான்.

"ஏரிக்கு எப்பம்மா போறோம்?"

"போறோமா?" என்றாள் நூர்ஜஹான். "மெத்தை ரெண்டு பேருக்குத்தான் தம்பி."

"நான் முன் சீட்ல படுத்துக்குவேன் ஆன்டி."

"முடியாது கண்ணு" என்றாள் அமுதவள்ளி. சொல்லும்போது கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவன் வேனடியிலேயே கிடந்தான். மின்விசிறி பொருத்தினான். டயர்களை மாற்றினான். கித்தானுக்குக் கம்புகள் வாங்கி, தண்ணீர் வழிந்தோடச் சரிவாகக் கட்டக் கற்றுக்கொடுத்தான். புறப்பட்ட அன்று கேட்டருகில் நின்று கையாட்டிய அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், மதுமிதா அவனை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

கோல குபு பாருவைத் தாண்டியதும் மலை நெருங்கி வந்தது. கனத்த லோரி ஒன்றை அமுதவள்ளி முந்தியபோது நூர்ஜஹான் ஸலவாத்து ஓதினாள். ஏரிக்கரையில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்தால், வீடியோவில் இருந்ததைவிடத் தண்ணீர் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை இருவரும் போன்களை வேனிலேயே வைத்துவிட்டு, மிதப்புச் சட்டை மாட்டிக்கொண்டு வாடகைக் கயாக் படகில் ஏறினார்கள். ஒருத்தி முன்னோக்கித் துடுப்புப் போட்டால் மற்றவள் பின்னோக்கிப் போட்டாள். கயாக் வட்டமடித்தது. கரையில் தூண்டில் போட்டிருந்த சீனக் கிழவர், "ஆன்டி, சாமா சாமாலா" என்று மலாயில் கத்தினார், சேர்ந்து போடச் சொல்லி. சேர்ந்து போட்டதும் அது நேராக ஓடத் தொடங்கியது. ஓடி ஓடி நடு ஏரிக்கு வந்துவிட்டது. இருவரும் துடுப்பை மடியில் வைத்தார்கள். மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வேன் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

"அமுதா, இத எப்படித் திருப்புறது தெரியுமா?"

"தெரியாது."

நூர்ஜஹான் கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்தாள்.

"சரி, இரு" என்றாள். "இப்பத்தானே வந்தோம்."