பதினாலாம் நம்பரின் அம்மா

நான் கால்பந்து ஆடப் போன நாட்டில் அம்மா என்பவள் சட்டை நம்பரோடு சேர்ந்தவள். ஆட்டக்காரன் கிளப் மாறினால் நம்பர் அங்கேயே நின்றுவிடும். கூடவே அம்மாவும் நின்றுவிடுவாள். ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன், யாரையும் குறை சொல்ல முடியாது.

கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து போய் முதலில் சேர்ந்த கிளப்பில் எனக்குப் பதினாலு. அம்மா பெர்பெத்துவம்மாளையும் விமானம் ஏற்றிக் கொண்டுவந்து அந்த நம்பரில் பதிந்தார்கள். ஒரு சீசன்தான். முட்டி வீங்கியதும் என்னை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு ஒன்பது வருடத்தில் ஆறு கிளப், ஆறு அம்மா. எல்லாரும் தங்கமானவர்கள். இருபத்துமூன்றாம் நம்பரின் அம்மா கம்பளிக் காலுறை பின்னித் தந்தாள். ஐந்தாம் நம்பரின் அம்மா தினமும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் ஒருத்திக்கும் என்னைத் திட்டத் தெரியாது. திட்டு வாங்காமல் ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் இருப்பான்? எனக்கு என் அம்மா வேண்டும், அவ்வளவுதான்.

மீட்க ஒரே வழி. ஒருவன் நம்மை அடித்துச் சிவப்பு அட்டை வாங்கினால் அவன் அம்மா நமக்கு வந்துவிடுவாள்.

எனக்கு முப்பத்தைந்து முடிந்தது. இனி எவனும் எடுக்கமாட்டான். கடைசி ஆட்டம் நான் முதலில் சேர்ந்த அந்தக் கிளப்போடு. இப்போதைய பதினாலு, டுசான் என்கிற ஆறரை அடித் தடுப்பாட்டக்காரன். என் அம்மா ஆக்கிப்போட்ட சாளை மீன் கறியும் மரச்சீனிக் கிழங்கும் தின்று மினுங்கிக்கொண்டிருந்தான். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையை இழுத்தேன், விலாவில் இடித்தேன். பயல் கோபப்பட்டால்தானே! என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, “அடி பட்டுச்சா மக்கா?” என்றான். என் அம்மா வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருப்பான்.

நாற்பதாவது நிமிடம் நானே விழுந்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். நடுவர் அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டார். அப்போது கேலரியில் அம்மா எழுந்தாள்.

“ஏல அடைக்கலம்! எழும்புல! அவன் உன்னத் தொடவே இல்ல. சும்மா கெடந்து உருளாத!”

ஒன்பது வருடத் திட்டு மொத்தமாக வந்து விழுந்தது. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

நடுவர் வெறுங்கையை வெளியே எடுத்தார். நடிப்பைக் காட்டிக்கொடுப்பவர்தான் மீதி ஆட்டத்துக்கு லைன்ஸ்மேன் என்பது அங்குள்ள விதி. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கொடியை வாங்கினாள். லைன்ஸ்மேன் யாருக்கும் அம்மாவாக இருக்கக் கூடாது. பதிவேட்டில் அப்போதே அடித்துவிட்டார்கள். டுசான் நின்ற இடத்திலேயே அழுதான்.

இடைவேளைக்குப் பிறகு நான் அம்மா இருந்த ஓரத்துக்கு மாறிக்கொண்டேன். நான் ஓட, அவளும் கோட்டோரமாக ஓடினாள். ஆட்டக்காரனிடம் அவள் பேசக் கூடாது. கொடியாவது தூக்கட்டும் என்று ஆஃப்சைடில் போய் நின்றேன். கொடி தூக்கினாள். மறுபடியும் நின்றேன். முறைத்துக்கொண்டே தூக்கினாள். கோச் என்னை வெளியே வரச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் டுசானும் வந்து என் பக்கத்தில் நின்றான். தன் கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்கு ஏது ஆஃப்சைடு? அம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனுக்கும் கொடியைத் தூக்கினாள். நடுவர் விசில் ஊதினார்.