நீலக் கட்டம் போட்ட சட்டை

இரண்டு நாள் ஜுரம் விட்ட உற்சாகத்தில் வெளியே கிளம்பியவன், முதல் வேலையாக என் மனைவியின் மானத்தை வாங்கினேன்.

‘மானாம்பதி நேரலை’ என்று யூடியூபில் சேனல் வைத்திருக்கிறேன். ஆசிரியர், நிருபர், கேமராமேன் எல்லாம் நான்தான். சந்தாதாரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், பாதி சொந்தக்காரர்கள். அன்று ஏரிக்கரையில் நூறு நாள் வேலை. புளிய மரத்தடியில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் நின்றே ஜூம் பண்ணி எடுத்து, ‘நூறு நாள் தூக்கம்’ என்று தலைப்பு வைத்தேன். பொழுது சாய்வதற்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் கை குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

மறுநாள் காலை, என் மனைவி கல்பனாவோடு மண் சுமக்கும் கோவிந்தம்மாள் அக்கா வாசலில் வந்து நின்றார்.

“இன்னா நைனா, ஒஞ் சட்ட ஒனக்கே தெர்லயா?”

இங்கே மண் வேலைக்குப் போகும் பெண்கள் வெயிலுக்காகப் புடவை மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். வீடியோவை மறுபடி ஓட்டினேன். நீலக் கட்டம். காலர் கிழிந்ததென்று நான் ஒதுக்கியது. இரண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை. கல்பனா அதைத் தைத்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே நீக்கினேன். அதற்குள் அது வாட்ஸப்பில் பல ஊர் தாண்டித் தென்னேரி வரை போய்விட்டிருந்தது.

கல்பனா சண்டை போடவில்லை. அதுதான் பேஜார். ஏன் தூங்கினாய் என்று கேட்டால், சோறு போடட்டுமா என்றாள். மறுபடி கேட்டால், மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்றாள். ஊரையே பேட்டி எடுக்கிறவனுக்கு வீட்டில் பேட்டி கிடைக்கவில்லை.

தப்பைத் திருத்தி ஒரு வீடியோ போடலாமென்று ஏரிக்கரைக்குப் போனேன். முதலில் பத்துக் கூடை மண் தூக்கு, அப்புறம் வாயைத் திற என்றார் கோவிந்தம்மாள் அக்கா. நாலாவது கூடையில் என் முழங்கால் ராஜினாமா செய்தது. எல்லாரும் சிரித்தார்கள், கல்பனாவைத் தவிர. ஆனால் போனை அவள்தான் வாங்கிப் பிடித்தாள். நான் அக்காவிடம் விசாரித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்: அது சாப்பாட்டு நேரம், தன் பங்கு மண்ணை வெட்டி முடித்துவிட்டுத்தான் அவள் படுத்தாள், அவள் என் மனைவி, விசாரிக்காமல் செய்தி போட்டவன் நான்.

சாயங்காலம் வரை அதைப் பார்த்தவர்கள் முப்பத்தொன்பது பேர்.

கல்பனா அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு முறை கேட்டேன். வெள்ளைப் பொத்தானைப் போட்டு, சட்டையை நீவிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு ராவா நீ ஜொரத்துல அனத்திக்கினு கெடந்த. விடியற வரிக்கும் ஒன் நெத்தில ஈரத்துணி மாத்திக்கினு இருந்தேன். தூக்கம் வந்துச்சி, தூங்கினேன்.”